கூட்டங்களிற் பிறந்த கணினி: பொது அறிவும் தனியுடைமையும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நீராவி எந்திரத்துக்கு ஜேம்ஸ் வாற், தனியாட் கணினிக்கு ஸ்டீவ் வொஸ்னியாக், உலகளாவிய வலைக்கு ரிம் பேர்ணர்ஸ்-லீ என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைச் சூட்டி நிறுத்திவிடுவது பாடநூலாசிரியர்க்கு வசதியானது. ஆயின், இவர்களுள் எவரும் உலகை விட்டொதுங்கித் தனியறையிலிருந்து சிந்தித்தவர் அல்லர். ஒவ்வொருவரைச் சூழவும் ஒத்த ஈடுபாடுடைய ஒரு குழுவினர் இருந்தனர். குறித்த நாளிற் கூடுதல், ஒருவர் செய்ததை மற்றையோர்க்குக் காட்டுதல், குறை கேட்டல், அடுத்த கூட்டத்துக்குள் திருத்தி வருதல் என்னும் எளிய ஒழுங்கே இத்தகைய குழுக்கள் பலவற்றின் உயிர்நாடியாக விளங்கியது. இன்று உலகின் பல நகரங்களில் வலைத் தொழில்நுட்பத்தில் ஈடுபட்டோர் மாதந்தோறும் கூடி உரை நிகழ்த்தியும் செய்முறை காட்டியும் வருவது இவ்வொழுங்கின் தொடர்ச்சியேயாகும்.

இக்கூட்டங்களை நட்பின் வெளிப்பாடாகவோ பொழுதுபோக்காகவோ மட்டும் கொள்வது போதாது. அவற்றுள் தொடக்கம் முதலே ஒரு முரண்பாடு உண்டு. கூட்டத்தினுள் அறிவு பொதுச் சொத்து. வாசலைத் தாண்டியதும் அது விற்பனைப் பண்டமாகின்றது. எதனைப் பொதுவில் வைப்பது, எதனைத் தமதென்று கொள்வது என்னும் வினாவுக்கு ஒவ்வொரு காலமும் அளித்த விடை, அக்காலத் தொழில்நுட்பத்தின் போக்கையே நிர்ணயித்தது. 1975ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலே தோன்றிய ஹோம்புரூ கணினிக் கழகத்தை நடுவாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நிலவொளியிற் கூடியோர்

மாதாந்தக் கூட்டம் என்னும் மரபு கணினிக்கு மிக முந்தியது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில், இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிலும் அதன் அயலிலும் வாழ்ந்த சிலர் மாதமொருமுறை, பூரணைக்கு அண்மித்த நாளில், ஒருவர் இல்லத்திற் கூடி உணவருந்தி உரையாடினர். விளக்கற்ற வழிகளில் இரவு வீடு திரும்புவதற்கு நிலவு துணையாகும் என்பதே அந்நாளைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம். சந்திரக் கழகம் எனப் பொருள்படும் 'லூனர் சொசைற்றி' என்ற பெயரும் இதனாலேயே வழங்கியது. ஆலை அதிபர் மத்தியூ போல்ற்றன், மருத்துவர் இராஸ்மஸ் டார்வின், மட்பாண்ட உற்பத்தியாளர் ஜோசையா வெட்ஜ்வூட், இரசாயன ஆய்வாளர் ஜோசெப் பிறீஸ்லி, எந்திரவியலாளர் ஜேம்ஸ் வாற் முதலியோர் இதில் இடம்பெற்றனர். அறிவியலும் ஆலைத் தொழிலும் ஒரே மேசையிற் சந்தித்தமை இக்கழகத்தின் தனிச்சிறப்பாகும்.

எனினும், மேசையில் தாராளமாகப் பேசியோர் சந்தையில் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை. வாற் 1769இற் பெற்ற ஆக்கவுரிமை 1775இல் பாராளுமன்றச் சட்டமொன்றினால் 1800 வரை நீடிக்கப்பட்டது. தமது எந்திரத்தினால் மீதமாகும் நிலக்கரியின் பெறுமதியில் மூன்றிலொரு பங்கைப் போல்ற்றனும் வாற்றும் உரிமைப்பணமாக அறவிட்டனர். கோர்ண்வால் பிரதேசத்துச் சுரங்கத்தார் இதனை வெறுத்தனர். உரிமைக்காலம் முடிந்தபின், 1811இல், ஜோயல் லீன் என்பார் அப்பிரதேசத்தில் மாதாந்த அறிக்கையொன்றைத் தொடங்கினார். குறித்த அளவு நிலக்கரியைக் கொண்டு ஒவ்வொரு சுரங்கத்து எந்திரமும் எவ்வளவு நீரை இறைத்தது என்பது அதில் வெளிப்படையாக அச்சிடப்பட்டது. ஒருவர் செய்த திருத்தத்தின் பயன் விரைவிலேயே மற்றையோர்க்கும் தெரிந்தது. அடுத்துவந்த ஆண்டுகளில் கோர்ண்வால் எந்திரங்களின் திறன் படிப்படியாகப் பெருகியது. கூடிப் பேசியவரிடமிருந்து ஆக்கவுரிமையும், ஆக்கவுரிமை நீங்கிய களத்திலிருந்து மாதாந்தப் பகிர்வும் தோன்றியமை மனங்கொள்ளத்தக்கது. ஏறக்குறைய இரு நூற்றாண்டுகளின் பின்னர் இம்முரண்பாடு வேறொரு கண்டத்தில் மீண்டும் தலைதூக்கியது.

2. மென்லோ பார்க், 1975

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கேயுள்ள சாந்தா குளாரா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் பழத்தோட்டங்களுக்குப் பெயர்பெற்றிருந்தது. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அது இலத்திரனியற் கைத்தொழிலின் களமாயிற்று. இம்மாற்றத்துக்கு அடித்தளமிட்டதில் அரசின் இராணுவச் செலவுக்குப் பெரும் பங்குண்டு. 1960களின் முற்பகுதியில் ஒருங்கிணைந்த மின்சுற்றுகளை ஏராளமாகக் கொள்வனவு செய்தவை மினிற்மன் ஏவுகணைத் திட்டமும் அப்பலோ விண்வெளித் திட்டமுமேயாகும். 1971இல் இன்டெல் கம்பனி தனது முதலாவது நுண்செயலியைச் சந்தைக்கு விட்டது. 1974இல் 8080 என்னும் நுண்செயலி வெளிவந்தது. கணினியின் மூளை சிறு சில்லொன்றுள் அடங்கிவிட்ட போதிலும், கணினி என்பது அரசுக்கும் பெருங்கம்பனிக்கும் பல்கலைக்கழகத்துக்குமே உரியதென்ற நிலை அப்போதும் மாறவில்லை.

1975 ஜனவரியில் 'பொப்பியுலர் இலெக்ட்ரோனிக்ஸ்' என்னும் சஞ்சிகை அல்டெயர் 8800 என்ற கணினியைத் தன் அட்டையில் வெளியிட்டது. நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அல்புகேர்க்கி நகரிலிருந்த மிற்ஸ் கம்பனி அதனை உதிரிப்பாகத் தொகுதியாக 397 டொலருக்கு விற்றது. வாங்கியவரே பற்றாசு பிடித்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். அதற்கு விசைப்பலகை இல்லை, திரை இல்லை, நினைவகம் 256 பைற்று மட்டுமே. முகப்பிலிருந்த ஆளிகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் கட்டளை கொடுக்கவும், சிறு விளக்குகள் எரிவதையும் அணைவதையும் கொண்டு விடையறியவும் வேண்டியிருந்தது. இத்தகைய பெட்டியொன்றைத் தனியொருவர் வாங்கி யாது செய்வது? தனியாட் கணினி தனியாளால் ஆளப்பட முடியாத நிலையிற் பிறந்தது என்பதே கூட்டம் தோன்றியமைக்கு அடிப்படைக் காரணமாகும்.

1975 மார்ச் 5ஆம் திகதி மாலை, மென்லோ பார்க் நகரில் கோர்டன் பிரெஞ்ச் என்பாரின் வீட்டு வாகனக் கொட்டிலில் முப்பது பேரளவில் கூடினர். பிரெஞ்சுடன் சேர்ந்து இக்கூட்டத்தை ஒழுங்குசெய்த பிரெட் மூர் பொறியியலாளர் அல்லர். 1959இல் பேர்க்லிப் பல்கலைக்கழக மாணவராயிருந்தபோது கட்டாய இராணுவப் பயிற்சியை எதிர்த்து உண்ணாநோன்பிருந்தவர். அமைதி இயக்கத்தில் ஈடுபட்டவர். கணினியானது மனிதரை மனிதரோடு இணைக்கும் கருவியாக வேண்டும் என்பது அவரது அவா. கூடியோருட் பலர், வொஸ்னியாக்கைப் போல, அயலிலுள்ள இலத்திரனியற் கம்பனிகளிற் பணியாற்றியோர். அவர்களது ஆர்வமோ எந்திரத்தின் மீதே இருந்தது. சமூக இலட்சியமும் தொழில்நுட்ப வேட்கையும் ஒரு கூரையின்கீழ் வந்த இக்கூட்டமே, வீட்டில் வடித்த மதுவைக் குறிக்கும் 'ஹோம்புரூ' என்ற பெயரைப் பின்னர் பெற்றது.

3. கூட்டத்தின் ஒழுங்கு

கழகம் இரு வாரங்களுக்கொருமுறை கூடியது. வாகனக் கொட்டில் போதாமற் போகவே, கூட்டங்கள் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கும், பின்னர் பாடசாலையொன்றுக்கும், ஈற்றில் ஸ்டான்போர்ட் நேர்கோட்டு முடுக்கி நிலையத்தின் கேட்போர்கூடத்துக்கும் இடம்பெயர்ந்தன. 1975 மார்ச் 15ஆம் திகதியிடப்பட்ட முதற் செய்திமடலை மூர் வெளியிட்டார்.

கூட்டத்தை நெறிப்படுத்தும் பொறுப்பு விரைவில் லீ பெல்சென்ஸ்டைன் என்ற பொறியியலாளரிடம் வந்தது. இவர் 1973இல் பேர்க்லியிலே இசைத்தட்டுக் கடையொன்றின் வாயிலில் கணினி முனையமொன்றை வைத்து, பொதுமக்கள் தம் அறிவித்தல்களைத் தாமே பதியவும் தேடவும் வழிசெய்த 'கொம்யூனிற்றி மெமரி' என்ற திட்டத்திற் பங்குகொண்டவர். அவர் கூட்டத்தை இரு பகுதிகளாக வகுத்தார். முதற் பகுதியில் எவரும் எழுந்து தம்மிடம் உள்ளதையும் தமக்குத் தேவையானதையும் கேள்விப்பட்டதையும் சுருக்கமாகக் கூறலாம். இரண்டாம் பகுதியில் ஒழுங்கெதுவுமின்றி, தேவையுடையோர் உடையோரைத் தேடிச் சென்று பேசலாம். முதற் பகுதி வரைபடம் போன்றது; இரண்டாவது பயணம் போன்றது. சொற்பொழிவாளர் ஒருவர் பேசப் பலர் கேட்டிருக்கும் வழமையான மன்றத்தினின்றும் இது வேறுபட்டது. இங்கு கேட்போரும் செய்வோரும் ஒருவரே.

செய்முறை காட்டல் எத்துணை ஆற்றல் வாய்ந்தது என்பதற்கு 1975 ஏப்ரில் மாதக் கூட்டமொன்று சான்றாகும். ஸ்டீவ் டொம்பியர் என்ற உறுப்பினர் தமது அல்டெயர் கணினியின் அருகே வானொலிப் பெட்டியொன்றை வைத்து, ஆளிகளைத் தட்டிச் செய்நிரலை உட்செலுத்தினார். கணினி எழுப்பிய மின்காந்தக் குறுக்கீட்டினால் வானொலியிலிருந்து பீட்டில்ஸ் குழுவினரின் பாடலொன்றின் மெட்டு ஒலித்தது. ஒலியெழுப்பும் பாகம் எதுவுமற்ற பெட்டி இசைத்ததைக் கண்டோர் அதன் நுட்பத்தை அறிய முண்டியடித்தனர். அவரும் அதனை மறைக்கவில்லை, எழுதியும் வெளியிட்டார்.

எனினும், கழகத்தின் வரம்பையும் நோக்குதல் வேண்டும். அங்கு வந்தோருட் பெண்கள் மிகச் சிலரே. நிலையான வருவாயும், தொழிலகத்து உதிரிப்பாகங்களைப் பெறும் வாய்ப்பும் பலர்க்கு இருந்தன. கூடிய மண்டபமே அரச நிதியில் இயங்கிய ஆய்வு நிலையமொன்றினது. 'எல்லோர்க்கும் கணினி' என்ற முழக்கம் எல்லோரும் இல்லாத மண்டபமொன்றிலேயே ஒலித்தது.

4. நாடாவும் கடிதமும்

அல்டெயரை ஆளிகளால் இயக்குவது கடினமாகையால், பேசிக் என்னும் எளிய கணினிமொழி அதற்கு இன்றியமையாததாயிற்று. அதனை எழுதியோர் பில் கேற்ஸ், போல் அலன் என்னும் இளைஞர் இருவர். மொன்ரே டேவிடொவ் என்பாரும் ஒரு பகுதியை எழுதினார். மிற்ஸ் கம்பனி தனது நினைவக அட்டைகளை வாங்குவோர்க்குப் பேசிக்கைக் குறைந்த விலைக்கும், தனியே வாங்குவோர்க்கு 500 டொலருக்கும் விற்றது. அந்நினைவக அட்டைகளோ பழுதுக்குப் பெயர்பெற்றவை. கணினியின் விலையை விஞ்சிய தொகையை மொழிக்கு மட்டும் கொடுப்பதா என்ற மனக்குறை இவ்வாறு வளர்ந்தது.

1975இன் நடுப்பகுதியில் பாலோ அல்ரோ நகர விடுதியொன்றில் அல்டெயர் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, பேசிக் பதிந்த துளைநாடாவொன்று எவராலோ எடுத்துச் செல்லப்பட்டது. அதன் பிரதிகள் கழகக் கூட்டத்தில் வழங்கப்பட்டன. ஒன்றைப் பெற்றவர் மறுமுறை இரண்டைக் கொண்டுவர வேண்டும் என்பதே நிபந்தனை. கழகத்தார் நோக்கில் இது வழமையான பகிர்வு. எழுதியோர் நோக்கில் களவு.

1976 பெப்ரவரியில் கேற்ஸ் ஆர்வலர்களை விளித்துப் பகிரங்கக் கடிதமொன்றை எழுதினார். பேசிக்கை உருவாக்கப் பயன்பட்ட கணினி நேரத்தின் பெறுமதி 40,000 டொலரை மேவும் என்றும், அல்டெயர் வைத்திருப்போருட் பத்திலொரு பங்கினர்கூட அதனை விலைகொடுத்து வாங்கவில்லை என்றும், கிடைத்த உரிமைப்பணத்தைக் கணக்கிட்டால் மணித்தியாலத்துக்கு 2 டொலருக்கும் குறைவான ஊதியமே தேறும் என்றும் அவர் முறையிட்டார். ஊதியமின்றி எவர் தரமான மென்பொருளை எழுதுவார் என்பது அவரது வாதத்தின் சாரம்.

இவ்வாதத்தை எளிதில் ஒதுக்கிவிடல் முறையன்று. மென்பொருள் எழுதுதல் உழைப்பே. உழைப்புக்கு ஊதியம் வேண்டுவதில் தவறில்லை. ஆயின், அக்கடிதம் சொல்லாமல் விட்ட உண்மை ஒன்றும் உண்டு. பேசிக் மொழி கேற்ஸின் ஆக்கமன்று. 1964இல் டார்ட்மத் கல்லூரியில் ஜோன் கெமெனி, தோமஸ் கேர்ட்ஸ் என்னும் ஆசிரியர்களால் மாணவர்க்கென உருவாக்கப்பட்டு எவரும் பயன்படுத்துமாறு விடப்பட்டது. அல்டெயருக்கான பேசிக்கை எழுதப் பயன்பட்ட ஹாவார்ட் பல்கலைக்கழகக் கணினியும் பாதுகாப்புத் துறையின் நிதியில் இயங்கியது. பொதுநிலத்தில் விளைந்ததற்கு வேலியிடும்போதுதான் எடுத்தவர் களவாளி ஆகின்றார் என்பதை இவ்விடத்திற் சுட்டுதல் பொருத்தமாகும்.

கடிதத்துக்கு வந்த மறுமொழிகளுட் சிறந்தவை சொற்களால் அமைந்தவை அல்ல. 'மக்கள் கணினிக் கம்பனி' என்ற பெயரிலான குழு, சிறிய நினைவகத்துக்கேற்ற 'ரைனி பேசிக்' என்ற மொழியின் அமைப்பை முன்னரே தன் இதழில் வெளியிட்டிருந்தது. அதனைப் பின்பற்றிப் பலர் தத்தம் வடிவங்களை எழுதினர். 1976 ஜனவரியில் தொடங்கிய 'டொக்டர் டொப்ஸ் ஜேர்ணல்' இத்தகைய நிரல்களை முழுமையாக அச்சிட்டது. கழக உறுப்பினர் ரொம் பிற்மன் தமது வடிவத்தை 5 டொலருக்கு விற்றார். விலை அத்துணை மலிவாயின் பிரதி செய்வதைவிட வாங்குவதே எளிது என்பதை அவர் மெய்ப்பித்தார். லீ-சென் வாங் என்பாரோ, பதிப்புரிமை வாசகத்தையே தலைகீழாக்கிய குறிப்புடன் தம் ஆக்கத்தை எல்லோர்க்கும் விட்டார். உரிமை, பகிர்வு என்ற இரண்டுக்குமிடையே பல நிலைகள் உண்டென்பதை ஓராண்டு காலத்துள் இக்கழகமும் அதனைச் சார்ந்தோரும் செயலாற் காட்டிவிட்டனர்.

5. கழகத்திலிருந்து கம்பனிக்கு

முதற் கூட்டத்துக்கு வந்தோருள் ஹியூலெற் பக்கார்ட் கம்பனியிற் பணியாற்றிய வொஸ்னியாக்கும் ஒருவர். அவர் மலிவான 6502 நுண்செயலியைக் கொண்டு அமைத்த கணினியைக் கூட்டங்களுக்குக் கொண்டுவந்து காட்டியதோடு, அதன் சுற்றுப்படத்தையும் இலவசமாக வழங்கினார். அதனை விற்கலாமென்ற எண்ணம் அவரது நண்பர் ஸ்டீவ் ஜொப்ஸினுடையது. 1976 ஏப்ரில் 1ஆம் திகதி அப்பிள் கம்பனி தோன்றியது. கணினிக் கடை உரிமையாளர் போல் ரெரல் ஐம்பது கணினிகளுக்குக் கட்டளையிட்டார். கூட்டத்தில் கைமாறிய படம் 666.66 டொலர் விலையிட்ட பண்டமாயிற்று. மறு ஆண்டு ஏப்ரிலில் சான் பிரான்சிஸ்கோவில் நடைபெற்ற கணினிக் கண்காட்சியில் 'அப்பிள் 2' அறிமுகமாயிற்று.

கழகத்திலிருந்து புறப்பட்ட மற்றொருவர் அடம் ஒஸ்போர்ண். இவர் தமிழகத்தின் திருவண்ணாமலையில் இளமைக்காலத்தைக் கழித்தவர். இரமண மகரிஷியின் அடியவரான ஆதர் ஒஸ்போர்ணின் மைந்தர். நுண்கணினி பற்றித் தாம் எழுதிய நூலைப் பெட்டியிற் கொண்டுவந்து கழகக் கூட்டங்களில் விற்றார். பின்னர் பெல்சென்ஸ்டைன் வடிவமைத்த, கையிற் தூக்கிச் செல்லக்கூடிய 'ஒஸ்போர்ண் 1' கணினியை 1981இல் 1,795 டொலருக்கு வெளியிட்டார். 1983இல் அவரது கம்பனி முறிந்தது. 2003இல் அவர் கொடைக்கானலிற் காலமானார்.

கம்பனிகள் பெருகப் பெருகக் கூட்டத்தின் இயல்பு மாறியது. நேற்று வரை குறைகளை வெளிப்படையாகப் பேசியோர் இன்று போட்டியாளர் செவிக்கு அஞ்சினர். அடுத்த வெளியீட்டைப் பற்றி வாய்திறப்பது வணிக இரகசியத்தை விற்பதாயிற்று. மூர் தொடக்ககாலத்திலேயே விலகிவிட்டார். 1981இல் ஐ.பி.எம். கம்பனியும் தனியாட் கணினிச் சந்தையிற் புகுந்தது. 1986 டிசெம்பரில் கழகம் இறுதியாகக் கூடியது. அதனைத் தோல்வியெனக் கூறுவது பொருந்தாது. ஆயினும், அதன் வெற்றியே அதன் அடித்தளத்தை அரித்தது என்பதை மறுக்கவியலாது.

6. ஜெனீவாவின் தீர்மானம்

ஹோம்புரூ எதிர்கொண்ட வினா உலகளாவிய வலையின் தோற்றத்தின்போது மறுபடியும் எழுந்தது. 1989 மார்ச்சில், ஜெனீவாவை அடுத்துள்ள ஐரோப்பிய அணுவாராய்ச்சி நிலையமான சேர்ணிலே, பேர்ணர்ஸ்-லீ தமது திட்டத்தின் முதல் வரைவை முன்வைத்தார். பல நாடுகளினின்றும் வந்து போகும் ஆய்வாளரின் அறிவு, அவர்கள் சென்றதும் சிதறிவிடாது காக்கப்பட வேண்டும் என்ற தேவையே அதற்குத் தூண்டுகோல்.

அக்காலத்தில் வலைக்குப் போட்டியாக அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் 'கோபர்' என்ற முறை விரைந்து பரவிக்கொண்டிருந்தது. 1993இன் தொடக்கத்தில், கோபர் வழங்கிகளை நடத்தும் சிலரிடம் கட்டணம் அறவிடப் போவதாக அப்பல்கலைக்கழகம் அறிவித்தது. கட்டணத்தைவிட அது எழுப்பிய ஐயமே பெருங்கேடு விளைத்தது. தாம் கட்டும் வீடு பிறர் நிலத்திலோ என்று பலரும் தயங்கினர். 1993 ஏப்ரில் 30ஆம் திகதி சேர்ண், வலையின் அடிப்படை மென்பொருள் மீதான தன் உரிமையைத் துறந்து அதனைப் பொதுவுடைமையாக்கியது. அதன்பின் கோபர் மங்கியதும் வலை ஓங்கியதும் வரலாறு. படங்களை எழுத்தோடு காட்டிய மொசாயிக் உலாவியின் வருகை போன்ற வேறு காரணங்களும் இருந்தன. எனினும், எவரும் அனுமதி கேளாது கட்டலாம் என்ற உறுதியின்றி வலை இவ்வளவு விரைவாகப் பரவியிராது. 1994 மே மாதம் முதலாவது சர்வதேச வலை மாநாடு சேர்ணிலேயே கூடியது.

வலைக்குக் கூட்டங்கள் ஏற்றவையாக அமைந்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. உலாவியில் தோன்றும் பக்கமொன்றின் மூலநிரலை எவரும் திறந்து பார்க்கலாம். ஹோம்புரூவிலே சுற்றுப்படத்தைப் பிரதிசெய்து வழங்க வேண்டியிருந்தது. வலையிலோ படம் பொருளுடனேயே வந்தது. இதனால் ஒருவர் செய்ததைக் கண்டு மற்றவர் கற்பதும், கற்றதை உள்ளூர்க் கூட்டத்தில் விளக்குவதும் இயல்பாயின. 2002இல் நியூயோர்க்கில் 'மீற்றப்' என்ற சேவை தொடங்கி, ஒரே ஊரில் ஒத்த ஈடுபாடுடையோர் கூடுவதற்கு வழிசெய்தது. 2005 ஓகஸ்டில் பாலோ அல்ரோவிலே 'பார்காம்ப்' என்ற கூட்டம் நடைபெற்றது. அழைக்கப்பட்டோர் மட்டுமே பங்குகொள்ளும் கூட்டமொன்றுக்கு மறுதலையாக அது எவர்க்கும் திறந்துவிடப்பட்டது. வந்தவர் பார்வையாளராக அமராது தாமும் பங்களிக்க வேண்டும் என்ற அதன் நெறி, முப்பதாண்டுகளின் முன் பெல்சென்ஸ்டைன் கடைப்பிடித்த ஒழுங்கை நினைவூட்டுவதாகும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து சில உண்மைகள் புலனாகின்றன. புதிய தொழில்நுட்பம் தனியொருவரால் ஆளமுடியாத நிலையில் உள்ளபோதே கூட்டங்கள் வலுப்பெறுகின்றன. அக்கூட்டங்களுக்கான மண்டபமும் கருவியும் பெரும்பாலும் பொதுநிதியிலிருந்தோ பிறர் உழைப்பிலிருந்தோ வந்தவை. அங்கு விளைந்த அறிவைச் சிலர் உடைமையாக்கும்போது செல்வம் பெருகுகின்றது. ஆனால் அடுத்த விளைச்சலுக்கான நிலம் சுருங்குகின்றது.

வாற்றின் எந்திரத்துக்குப் பொதுநிலம் கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருந்தே கிடைத்தது. ஹோம்புரூவுக்கு அது பதினோராண்டுகளே நிலைத்தது. வலைக்கு நிறுவனமொன்றின் தீர்மானத்தால் தொடக்கத்திலேயே வாய்த்தது. இம்மூன்றுக்குமிடையிலான வேறுபாடு தனிமனிதரின் தாராளகுணத்தைப் பொறுத்ததன்று. கோர்ண்வாலில் அறிக்கையும், சேர்ணில் சட்டபூர்வமான துறவும் இருந்தன. ஹோம்புரூவில் நல்லெண்ணம் நிறைய இருந்தது. அந்நல்லெண்ணத்தைக் காக்கும் ஏற்பாடு இருக்கவில்லை.

இன்றைய வலைத் தொழில்நுட்பக் கூட்டங்கள் பல, கம்பனிகள் வழங்கும் மண்டபங்களிலும் அவை வழங்கும் சிற்றுண்டியுடனும் நடைபெறுகின்றன. சில வேளைகளில் உரை விளம்பரமாகின்றது; சந்திப்பு ஆட்சேர்ப்பாகின்றது. இதனைக் கண்டு கூட்டங்களையே வெறுத்தொதுக்குவதிற் பயனில்லை. மண்டபம் எவருடையது என்பதைக் காட்டிலும், கூட்டம் கலைந்தபின் பொதுவில் எஞ்சுவது யாது என்பதே முதன்மையான வினா. எழுதிவைத்த குறிப்பு, எவரும் எடுத்தாளக்கூடிய நிரல், அடுத்த மாதம் புதிதாக வருபவர்க்கு வைக்கப்படும் இருக்கை என்பன எஞ்சுமாயின் அக்கூட்டம் தன் கடமையைச் செய்ததாகும். கற்றோர் மன்றங்களை அமைத்து நடத்தும் பல்கலைக்கழக மாணவர்க்கும் இவ்வினா அந்நியமானதன்று.